வெளிநாட்டுல இருக்கும்போது திடீர்னு சண்டை வெடிச்சா: எது முதல்ல, எது அப்புறம்

நான் ஒரு தடவை இப்படி மாட்டி ஒம்பது நாள் கழிச்சு ரோடு வழியா வெளில வந்தவன். அதுக்கப்புறம் வேற வேற நாட்டுல மாட்டிக்கிட்டவங்களுக்கு போன்லயே ராத்திரி பகலா உக்காந்து வழி சொல்லிருக்கேன். திரும்பத் திரும்ப பாத்தது ஒண்ணுதான், ஆளுங்க செய்ய வேண்டியதைத்தான் செய்றாங்க, ஆனா வரிசை மாறிப் போயிடுது. சத்தம் கேட்டதும் பெட்டியத் தூக்கிட்டு ஏர்போர்ட்டுக்கு ஓடுறாங்க, கரண்ட் போன பிறகு சார்ஜர் தேடுறாங்க, குழாய் காஞ்ச பிறகு பக்கெட் தேடுறாங்க. அதனால இதை வரிசையாவே எழுதிருக்கேன், ஏன் அந்த வரிசைங்கற காரணத்தையும் சேத்து. இப்பவே ஏதோ ஒரு ஊர்ல மாட்டிக்கிட்டு இதைப் படிக்கிறீங்கன்னா 1-ஐ விட்டுட்டு நேரா 2-க்கு போங்க.

1. கிளம்புறதுக்கு முன்னாடியே முடிக்க வேண்டியது

போற நாட்டுல இருக்குற உங்க நாட்டு தூதரகத்துல பேரப் பதிவு பண்ணுங்க. நிறைய நாடுகளுக்கு இதுக்குன்னே ஆன்லைன் பதிவு இருக்கு, பத்து நிமிஷ வேலை, ஆனா நிறைய பேர் பண்றதில்ல. பிரச்சனை வந்ததும் தூதரகம் முதல்ல எடுக்கறது அந்த லிஸ்டைத்தான், அதுல பேர் இல்லாதவங்க எங்க இருக்காங்கன்னு கண்டுபிடிக்கவே ரெண்டு மூணு நாள் போயிடும்.

பாஸ்போர்ட், விசா, இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாத்தையும் போட்டோ எடுத்து போன்ல ஒண்ணு, மெயில்ல ஒண்ணு, வீட்டுல இருக்குற ஒருத்தர்கிட்ட ஒண்ணு வைங்க. அது போக ஒரு பேப்பர் காப்பியும் வேணும், செக்போஸ்ட்ல போன நீட்டுறத விட பேப்பர நீட்டுறது நல்லது.

காசு விஷயத்துல ஒண்ணு சொல்றேன், கார்டை மட்டும் நம்பிப் போகாதீங்க. நெட் போனா கார்டு வெறும் பிளாஸ்டிக். கொஞ்சம் அமெரிக்க டாலர் சின்ன நோட்டா, கிழிசல் மடிப்பு இல்லாம புதுசா வைங்க, ஏன்னா பல ஊர்ல பழைய நோட்டு, கறை பட்ட நோட்டு வாங்கவே மாட்டாங்க, பெரிய நோட்டு குடுத்தா சில்லறை திரும்பி வராது.

மாப் ஆப்ல அந்த நாட்டையும் பக்கத்து நாட்டு பார்டர் ஏரியாவையும் சேத்து ஆஃப்லைன்ல டவுன்லோட் பண்ணிடுங்க. பாதிப் பேர் இருக்குற ஊரை மட்டும் டவுன்லோட் பண்ணிட்டு பார்டருக்கு போற வழி இல்லாம முழிக்கிறாங்க.

தினசரி மாத்திரை சாப்பிடறவங்க பயண நாளுக்கு மேல ரெண்டு வாரத்துக்கு எக்ஸ்ட்ரா எடுத்துட்டுப் போங்க, மருந்துச் சீட்டோட. பக்கத்து நாடுகள்ல எதுக்கு உங்க பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும் எதுக்கு வேணாம்னு ஒரு தடவை பாத்து எழுதி வைங்க. அந்தத் தேடலை குண்டு விழும்போது பண்ண முடியாது, நெட் இருக்காது.

2. முதல் பத்து நிமிஷம்: ஜன்னலை விட்டு விலகுங்க

சத்தம் கேட்டா மனுஷன் முதல்ல பண்றது ஜன்னல் கிட்ட போய் எட்டிப் பாக்குறது. அதைப் பண்ணாதீங்க, இந்த முழு கட்டுரைல ஒரே ஒரு வரி ஞாபகம் இருக்கணும்னா இது இருக்கட்டும். 2020 ஆகஸ்ட் 4 பெய்ரூட் துறைமுக வெடிப்பு போர் கிடையாது, ஆனா பாடம் ஒண்ணுதான், புகைய பாக்குறதுக்கும் வீடியோ எடுக்குறதுக்கும் ஜன்னல்ல நின்ன எத்தனையோ பேரு மூஞ்சியும் கண்ணும் கண்ணாடியில கிழிஞ்சு போச்சு. வெளிச்சம் உடனே தெரியும், அதிர்வு அப்புறம்தான் வரும். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர கிட்டத்தட்ட மூணு செகண்ட் ஆகும், மின்னல் இடி கணக்குதான். பளிச்சுனு தெரிஞ்சா அந்த மூணு நாலு செகண்ட் தரையில குப்புறப் படுக்கறதுக்கு, பாக்குறதுக்கு இல்ல.

எங்க போய் உக்காரணும்? உங்களுக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவுல ரெண்டு சுவர் இருக்கணும். உக்ரைன்ல சின்ன பசங்களுக்கு கூட இந்த ரெண்டு சுவர் கணக்கு தெரியும். முதல் சுவர் அடிய வாங்கும், ரெண்டாவது சுவர் சிதறி வர்றத வாங்கும். ஹோட்டல்னா ரூமுக்கு வெளிய இருக்குற நடைபாதை பெரும்பாலும் சரியா இருக்கும், பேஸ்மெண்ட் இருந்தா அதை விட நல்லது, மேல் மாடி வேண்டவே வேண்டாம். கியிவ், கார்கிவ்ல ஆளுங்க மெட்ரோ ஸ்டேஷன்ல வாரக் கணக்குல இருந்தாங்க. பாத்ரூம் பரவால்ல, ஆனா பெரிய கண்ணாடியும் டைல்ஸும் உடைஞ்சு தெறிக்கும்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

படுக்கும்போது தலைய கையால மூடிக்கோங்க, காதையும் சேத்து பொத்திக்கோங்க, வாயை லேசா திறந்து வைங்க. லிஃப்ட்ல ஏறாதீங்க, கரண்ட் போனா அதுலயே மாட்டிக்குவீங்க.

அப்புறம் செருப்பு. ஷூ போட்டுக்கோங்க, தூங்கும்போதும் கைக்கு எட்டுற தூரத்துல வைங்க. நான் மாட்டியிருந்த ஹோட்டல்ல ரெண்டாவது ராத்திரி எதிர் கட்டிடத்து கண்ணாடி எல்லாம் உதிர்ந்தப்ப எங்க மாடில காயப்பட்ட மூணு பேருக்குமே உள்ளங்கால்லதான் காயம், இருட்டுல வெறுங்காலோட ஓடுனதால. அப்புறம் ஒரு வாரம் நடக்க வேண்டிய கால் அது.

பக்கத்துல எங்கயாவது விழுந்தா உதவி பண்றேன்னு உடனே ஓடாதீங்க. அதே இடத்துல ரெண்டாவது தடவை விழறது அடிக்கடி நடக்குற விஷயம். கேக்கவே கஷ்டமா இருக்கும், எனக்கும் இருந்துச்சு.

3. முதல் ரெண்டு மணி நேரம்: தண்ணி, சார்ஜ், காசு

இதே வரிசைல. ஏன்னா கரண்ட் போச்சுன்னா பம்பு நிக்கும், பம்பு நின்னா குழாய் நிக்கும், டேங்க்ல இருக்குறத முந்துனவங்க பிடிச்சிடுவாங்க.

குளியல் தொட்டி, பக்கெட், குப்பைத் தொட்டில புது கவர் போட்டு அது, எல்லாத்துலயும் தண்ணி பிடிங்க. குடிக்கறதுக்கும் சமைக்கறதுக்கும் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு நாலு லிட்டர்னு கணக்கு வைங்க, கழுவறதுக்கு தனி. 2022 மார்ச்ல உக்ரைனோட சுமி நகரத்துல மாட்டின இந்திய மாணவர்கள் கடைசில பனிய வாரி உருக்கி தண்ணி எடுத்தாங்க, குழாய் இருக்கும்போது பிடிச்சு வைக்கிறதோட அருமை அங்க தெரியும்.

சார்ஜ் ஏறக்கூடிய எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாட்டுங்க, போன், பவர் பேங்க், லேப்டாப். லேப்டாப் ஒரு பெரிய பவர் பேங்க்தான், அதுல இருந்து போனுக்கு ஏத்தலாம்ங்கறது பல பேருக்கு தோணவே மாட்டேங்குது.

காசு கடைசில, அதுவும் தெரு அமைதியா இருந்து ஏடிஎம் பக்கத்துலயே இருந்தா மட்டும். முதல் நாள்ல ஏடிஎம் காலியாயிடும், உண்மைதான், ஆனா க்யூவுல நிக்கறது ஆபத்து. கார்கிவ்ல 2022 மார்ச் 1 அன்னைக்கு ஒரு மாணவர் மளிகைக் கடை க்யூவுல நின்னப்பதான் உயிர் போச்சு. போறதுன்னா ஒருத்தர் மட்டும், காலைல, எந்த வழியா போய் எத்தனை மணிக்குள்ள திரும்புவேன்னு சொல்லிட்டு போகணும்.

சாப்பாடு இந்த வரிசைல இல்லையேன்னு கேப்பீங்க. ரெண்டு நாள் அரை வயிறா இருக்கலாம், ரெண்டு நாள் தண்ணி இல்லாம முடியாது.

4. வீட்டுக்கு ஒரே ஒரு மெசேஜ்

எல்லாருக்கும் தனித்தனியா பேசாதீங்க. வீட்டுல நிதானமான ஒருத்தரைப் பிடிச்சு, இனிமே நீங்கதான் எல்லாருக்கும் சொல்லணும், நான் உங்ககிட்ட மட்டும்தான் பேசுவேன்னு சொல்லிடுங்க. அம்மா அழுவாங்க, சித்தப்பா டிவில பாத்தத சொல்லுவாரு, பழைய ஃப்ரெண்டு எல்லாம் என்னாச்சுன்னு கேப்பாங்க, எல்லாருக்கும் பதில் சொன்னா சாயங்காலத்துக்குள்ள பேட்டரி செத்துடும், மனசும் கூட.

அந்த மெசேஜ்ல இருக்க வேண்டியது: எங்க இருக்கேன் (கட்டிடம் பேரு, எத்தனாவது மாடி, லொகேஷன் நம்பர்), கூட யாரு, உடம்பு எப்படி, தண்ணி சாப்பாடு எத்தனை நாளைக்கு இருக்கு, அடுத்த மெசேஜ் எத்தனை மணிக்கு. அந்த கடைசி வரி ரொம்ப முக்கியம். காலைல எட்டு, ராத்திரி எட்டுன்னு வச்சுக்கிட்டா நடுவுல பேச்சு இல்லைன்னாலும் வீட்டுல பதற மாட்டாங்க, நீங்களும் மீதி நேரம் போன ஏரோபிளேன் மோட்ல போட்டு வைக்கலாம்.

கால் போகலன்னா எஸ்எம்எஸ் போடுங்க. நெட்வொர்க் நெரிசல்ல கால் விழாது, டேட்டா சுத்திக்கிட்டே இருக்கும், எஸ்எம்எஸ் மட்டும் எப்படியோ இடுக்குல புகுந்து போயிடும். 2025 ஜூன்ல ஈரான்ல கிட்டத்தட்ட நாடு முழுக்க நெட் நின்னு போச்சு, அந்த மாதிரி நேரத்துல ஆப்பை மட்டுமே நம்பி இருந்தவங்களுக்கு கை ஒடிஞ்ச மாதிரி ஆயிடும்.

முக்கியமான நம்பர் எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி வைங்க, பால்பாயிண்ட் பேனால. நான் ஜெல் பேனால எழுதி சட்டைப் பையில வச்சிருந்தேன். மூணாவது நாள் எடுத்துப் பாத்தா வேர்வைல ஊறி நீலமா ஒரு கறை, அதுல கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியுது. போன் செத்திருந்த நேரம், யாரோட நம்பரும் மனப்பாடம் இல்ல. அன்னைல இருந்து ரெண்டு நம்பர் மனப்பாடம், மீதி பேப்பர்ல பிளாஸ்டிக் கவர்ல.

5. தூதரகத்துல சொல்றது, அவங்களால என்ன முடியும்

முன்னாடியே பதிவு பண்ணலன்னா இப்ப பண்ணுங்க. ஹெல்ப்லைன் நம்பர் கிடைக்கவே கிடைக்காது, ஆயிரம் பேர் அடிச்சிட்டு இருப்பாங்க, அதனால மெயில், மெசேஜ், அவங்க வெளியிட்ட ஃபார்ம்னு எல்லா வழியிலும் ஒரே தகவலை போடுங்க. பேரு, பாஸ்போர்ட் நம்பர், பிறந்த தேதி, இருக்குற இடம், போன் நம்பர், குழந்தை, கர்ப்பிணி, நோயாளி யாராவது கூட இருக்காங்களா. குழுவா இருந்தா ஒருத்தரே எல்லார் பேரையும் ஒரே லிஸ்டா அனுப்புங்க. இருபது பேர் தனித்தனியா அனுப்பினா அங்க உக்காந்திருக்குற ஒருத்தருக்கு அது இருபது வேலை, லிஸ்டா வந்தா ஒரு பஸ்.

கூப்பிடாம தூதரகத்துக்கு நேர்ல போகாதீங்க. தூதரகங்கள் பெரும்பாலும் அரசாங்க கட்டிடங்கள் இருக்குற ஏரியால இருக்கும், சண்டையும் அங்கதான் நடக்கும். போனா பூட்டியும் இருக்கலாம்.

பாஸ்போர்ட் உங்க கையில இருக்கணும். ஹோட்டல் ரிசப்ஷன்ல குடுத்திருந்தா, வேலை குடுக்குறவர் வாங்கி வச்சிருந்தா, முதல் நாளே திருப்பி வாங்குங்க. 2023 ஏப்ரல் 15 சூடான்ல கார்ட்டூம்ல சண்டை ஆரம்பிச்சப்ப சில நாட்டு தூதரகங்கள் அவசரமா காலி பண்ணிட்டுப் போனாங்க, விசாவுக்காக குடுத்திருந்த உள்ளூர் ஆளுங்களோட பாஸ்போர்ட் எல்லாம் உள்ளயே மாட்டிக்கிச்சு, அவங்களால பார்டர் தாண்ட முடியல. தொலைஞ்சே போச்சுன்னா தூதரகத்துல அவசர பயணச் சான்று கேளுங்க, அது ஒரு வழிப் பயணத்துக்குத்தான், ஆனா ஊர் வந்து சேர அது போதும். இதுக்குத்தான் அந்த போட்டோ காப்பி.

உங்க நாட்டுக்கு அங்க தூதரகமே இல்லையா? பக்கத்து நாட்டுல இருந்து ஒண்ணு அந்த நாட்டையும் சேத்து பாத்துக்கும், அதைத் தேடுங்க. தூதரக வேலைகளப் பத்தின 1963 வியன்னா உடன்படிக்கைப்படி ஒரு நாடு இன்னொரு நாட்டு ஆளுங்களுக்காகவும் அந்த வேலையப் பாக்கலாம், ஐரோப்பிய ஒன்றிய நாட்டு பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க வேற உறுப்பு நாட்டு தூதரகத்துலயும் உதவி கேக்கலாம்.

அவங்களால முடியாததும் தெரிஞ்சிருக்கணும். வீட்டு வாசலுக்கு வந்து கூட்டிட்டு போக மாட்டாங்க, ஒரு இடம் ஒரு நேரம் சொல்லுவாங்க, அங்க வர்றது உங்க பொறுப்பு. சில நாடுகள் டிக்கெட் காசை அப்புறம் கட்டணும்னு கையெழுத்து வாங்கும், அதைப் பாத்து தயங்கி நிக்காதீங்க, போட்டுட்டு ஏறுங்க. ரெட்டை குடியுரிமை இருக்கவங்க கவனமா இருக்கணும், நீங்க இருக்குற நாடே உங்களை தன் குடிமகன்னு சொன்னா இன்னொரு நாட்டு தூதரகத்தால பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. 2022-ல உக்ரைன் 18 வயசுல இருந்து 60 வயசு வரைக்கும் உள்ள தன் நாட்டு ஆம்பளைங்க வெளிய போக தடை போட்டுச்சு.

6. செய்திய எப்படி எடுத்துக்கறது

ரெண்டு இடம் போதும், தூதரகத்தோட அதிகாரப்பூர்வ பக்கம் ஒண்ணு, நம்பகமான செய்தி ஒண்ணு. குரூப்புல வர்ற ஃபார்வர்டுல யார் சொன்னது, எத்தனை மணிக்கு சொன்னதுன்னு ரெண்டும் இல்லைன்னா அது செய்தி கிடையாது. "பார்டர் திறந்தாச்சு, எல்லாரும் கிளம்புங்க"ன்னு வந்த மெசேஜ நம்பி கிளம்பினவங்க நடு ரோட்டுல நின்னத நான் போன்ல கேட்டுட்டே இருந்திருக்கேன், அந்த மெசேஜ் முந்தின நாளோடது.

சின்ன பேட்டரி ரேடியோ கிடைச்சா விடாதீங்க. 2022-ல உக்ரைனுக்காக பிபிசி சிற்றலை ஒலிபரப்பையே திரும்ப கொண்டு வந்தாங்க, நெட் இல்லாத இடத்துல அதுதான் கைகொடுக்கும்.

உள்ளூர் ஆளுங்க பேச்ச கேளுங்க. ஹோட்டல்ல வேலை பாக்குறவங்க, காவலாளி, எதிர் வீட்டு அம்மா, எந்தத் தெருவுல போகலாம் எதுல போகக்கூடாதுன்னு அவங்களுக்கு தெரியுற அளவுக்கு எந்த டிவிக்கும் தெரியாது. ஆனா யார் பக்கம் நியாயம்னு எவர்கிட்டயும் வாயத் திறக்காதீங்க.

7. இருக்குறதா, கிளம்புறதா

இதுதான் எல்லாரையும் உடைக்கிற கேள்வி, கொஞ்சம் நிதானமா பாப்போம்.

சண்டை இன்னும் ஆரம்பிக்கல, தூதரகம் கிளம்புங்கன்னு சொல்லுது, விமானம் ஓடிட்டு இருக்கு. அப்ப யோசிக்கவே வேண்டாம், டிக்கெட் விலை, பரீட்சை, மீட்டிங் எதையும் பாக்காம கிளம்பிடுங்க. உக்ரைன்ல 2022 பிப்ரவரி நடுவுலயே பல நாட்டு தூதரகங்கள் கிளம்பச் சொல்லிட்டாங்க, பிப்ரவரி 24 விடியக்காலைல வான்வெளி மூடிருச்சு.

சண்டை ஆரம்பிச்சாச்சுன்னா கதை வேற. ஏர்போர்ட்டுக்கு ஓடுறதுதான் எல்லாரோட முதல் எண்ணம், ஆனா ஏர்போர்ட்டைப் பிடிக்கத்தான் சண்டையே நடக்கும். கார்ட்டூம்ல முதல் நாளே ஏர்போர்ட்டுக்குள்ள சண்டை, நின்னுட்டிருந்த விமானங்கள் எரிஞ்சுது. 2006 ஜூலை 13 பெய்ரூட் ஏர்போர்ட் ரன்வேல குண்டு போட்டாங்க, வெளிநாட்டுக்காரங்க நிறைய பேர் கப்பல்ல சைப்ரஸ் வழியா வெளிய வந்தாங்க. சூடான்ல இருந்து நிறைய பேர் கிட்டத்தட்ட 850 கிலோமீட்டர் ரோடு வழியா போர்ட் சூடான் போய் அங்க இருந்து கப்பல்ல செங்கடல் தாண்டி ஜெட்டா போனாங்க. ஈரான்ல இருந்து 2025 ஜூன்ல மாணவர்கள் ஆர்மீனியாவுக்கு ரோடு வழியா. அதனால கண்ணை ஏர்போர்ட் மேல வைக்காம பார்டர் மேலயும் துறைமுகம் மேலயும் வைங்க.

சண்டை நடுவுல கிளம்புறதுக்கு முன்னாடி நான் கேக்கச் சொல்ற கேள்விகள். இன்னைக்கு காலைல அந்த ரோட்டுல போனவங்க யாராவது போய்ச் சேந்துட்டேன்னு சொன்னாங்களா? அந்தப் பக்கத்து நாடு உங்க பாஸ்போர்ட்ட உள்ள விடுமா? இருட்டுறதுக்குள்ள பாதுகாப்பான ஒரு ஊரையாவது தொட முடியுமா? பெட்ரோல் போறதுக்கு மட்டும் இல்லாம, பாதி வழில திருப்பி விட்டா திரும்பி வரவும் போதுமா? நாலுக்கும் ஆமான்னா கிளம்பலாம். ஒண்ணு இல்லைன்னாலும் தண்ணியும் கூரையும் இருக்குற வரைக்கும் இருங்க.

சுமில நடந்தத பாருங்க. கிட்டத்தட்ட 700 மாணவர்கள், பொறுமை போய் மார்ச் 5 அன்னைக்கு நாங்களே நடந்து பார்டருக்கு போறோம்னு வீடியோ போட்டாங்க. வெளிய வராதீங்க, இருங்கன்னு இந்திய அரசாங்கத் தரப்புல சொல்லி நிறுத்தினாங்க. மார்ச் 7 பஸ்ல ஏறி, போர் நிறுத்தம் நிக்காததால இறக்கி திருப்பி அனுப்பினாங்க. மறுநாள் மார்ச் 8, வழி கிடைச்சு பொல்டாவா போய்ச் சேந்தாங்க. ஏறின பஸ்ல இருந்து இறங்குறது எவ்வளவு கொடுமைன்னு நினைச்சுப் பாருங்க, ஆனா இறங்கினாங்க, அதான் சரி. அதே வாரம் கார்கிவ்ல நேர் எதிரா நடந்துச்சு, மார்ச் 2 அன்னைக்கு சாயங்காலம் 6 மணிக்குள்ள நகரத்தை விட்டு வெளிய போங்க, வண்டி கிடைக்கலன்னா நடந்தாவது போங்கன்னு இந்திய தூதரகம் சொல்லுச்சு, பத்து கிலோமீட்டருக்கு மேல நடை. ரெண்டு ஊருக்கும் ஒரே விதி கிடையாது. முடிவு பண்றது தைரியமோ பயமோ இல்ல, அன்னைக்கு அந்த ரோடு.

8. பையில என்ன

ஒரே ஒரு முதுகுப் பை. பெட்டிய விடுங்க, சக்கரப் பெட்டிய இழுத்துட்டு உடைஞ்ச ரோட்டுல ரெண்டு கிலோமீட்டர் கூட போக முடியாது, பஸ்லயும் பெட்டிக்கு இடம் குடுக்க மாட்டாங்க. பார்டருக்கு போற வழியெல்லாம் விட்டுட்டுப் போன பெட்டிங்க கிடக்கும்.

தண்ணி, மாத்திரை, பேரீச்சம்பழம் பிஸ்கட் மாதிரி சமைக்காம சாப்பிடறது, உப்பு சர்க்கரை கரைசல் பாக்கெட், டார்ச், கத்திரிக்கோல், துணிக்கட்டு, ஒரு வெள்ளைத் துணி, ஒரு கதகதப்பான துணி, பெண்களுக்கு நாப்கின், குழந்தை இருந்தா அதுக்கு வேண்டியது. பாஸ்போர்ட்டும் காசும் பையில வைக்காதீங்க, உடம்புல வைங்க, பை தொலையும். காசை மூணா பிரிங்க, உடனே எடுத்துக் குடுக்கற மாதிரி கொஞ்சம் மேல் பாக்கெட்ல, மீதி ரெண்டு இடத்துல.

பச்சை, காக்கி, ராணுவ டிசைன் துணி எதுவும் வேண்டாம். பைனாகுலர், ட்ரோன், வாக்கி டாக்கி இருந்தா விட்டுட்டுப் போங்க. சாட்டிலைட் போன் பல நாட்டுல அனுமதி இல்லாம வச்சிருந்தாலே குற்றம்.

9. ரோட்டுலயும் செக்போஸ்ட்லயும்

விடிஞ்சு கொஞ்ச நேரம் ஆன பிறகு கிளம்புங்க, முதல் வண்டியா போகாதீங்க. முன்னாடி நாலு வண்டி போகட்டும். ரெண்டு மூணு வண்டியா சேந்து போறது நல்லது, ஒண்ணு பழுதானா ஏத்திக்கலாம். ராணுவ வண்டி பக்கத்துல, பின்னால போகாதீங்க, பாதுகாப்பு மாதிரி தெரியும், ஆனா குறி அதுக்குத்தான். சீருடைல யாராவது லிஃப்ட் கேட்டா முடிஞ்ச வரை பணிவா மறுத்துடுங்க. வண்டில செஞ்சிலுவை சின்னம் ஒட்டிக்கலாம்னு யாராவது ஐடியா குடுப்பாங்க, ஒட்டாதீங்க, அதை பொய்யா பயன்படுத்துறது சட்டப்படி தப்பு, நெஜமான ஆம்புலன்ஸையும் சந்தேகப்பட வச்சிடும். வெள்ளைத் துணி கட்டினா போதும்.

கிளம்புறதுக்கு முன்னாடி போனைத் திறந்து பாருங்க. புகை, ராணுவ டாங்கி, சிப்பாய் இருக்குற போட்டோ, எந்தப் பக்கத்தையாவது திட்டின மெசேஜ், ஏதாவது ஒரு தரப்ப ஆதரிக்கிற சேனல், எல்லாத்தையும் அழிங்க, அழிச்சது கிடக்குற ஃபோல்டர்ல இருந்தும் அழிங்க. எல்லாரும் தவறவிடற இடம் அதுதான். எங்க வண்டில இருந்த ஒரு பையன் எல்லா போட்டோவும் அழிச்சிட்டேன்னு சத்தியம் பண்ணான், சிப்பாய் நேரா அந்த ஃபோல்டரத்தான் திறந்தாரு. ஒன்றரை மணி நேரம் ரோட்டோரமா எங்க எல்லாரையும் உக்கார வச்சாங்க, அந்தப் பையன் கை நடுங்கினது இன்னும் கண்ணுல நிக்குது.

செக்போஸ்ட் தெரிஞ்சதும் வேகத்தை குறைங்க, ஜன்னல் கண்ணாடிய இறக்குங்க, பாட்டை நிறுத்துங்க, குளிர்கண்ணாடிய கழட்டுங்க. இருட்டா இருந்தா வண்டிக்குள்ள லைட்டைப் போடுங்க, உள்ள யாரு இருக்கான்னு தெரிஞ்சா அவங்க பதட்டம் பாதி குறையும். எல்லாரோட கையும் வெளிய தெரியணும். டிரைவரோ மொழி தெரிஞ்ச ஒருத்தரோ மட்டும் பேசணும். பாக்கெட்ல கைய விடறதுக்கு முன்னாடி "பாஸ்போர்ட் எடுக்கறேன்"னு சொல்லிட்டு மெதுவா எடுங்க. பொய் சொல்லாதீங்க, கேட்டதுக்கு மட்டும் பதில். போன் வேணும், வாட்ச் வேணும்னு கேட்டா குடுத்துடுங்க, வாக்குவாதம் வேண்டாம்.

தார் ரோட்டை விட்டு இறங்காதீங்க. ஒண்ணுக்கு போகணும்னாலும் வண்டி தடம் பதிஞ்ச இடத்துலயே, வெக்கம் பாக்காம. ரோட்டோர புல்லுலயும் வயல்லயும் கண்ணிவெடி, வெடிக்காத குண்டு கிடக்கலாம். பளபளன்னு எதாவது கிடந்தா தொடாதீங்க, காலால தள்ளாதீங்க, குழந்தைங்க கைய விடாதீங்க.

10. பார்டர்ல

இங்க வந்துட்டா முடிஞ்சுதுன்னு நினைக்கிறோம், ஆனா பல பேரு உடம்பு விட்டுப் போறது இங்கதான். 2022 பிப்ரவரி கடைசில உக்ரைன் போலந்து பார்டர்ல குளிர்ல ராத்திரி பகலா நின்னாங்க. அதனால பையில வச்ச சாப்பாட்டுலயும் தண்ணிலயும் பாதிய பார்டருக்குன்னே ஒதுக்குங்க, வழியிலயே தீத்துடாதீங்க. எல்லாரும் போற பெரிய பார்டரை விட தள்ளி இருக்குற சின்ன பார்டர்ல சில நேரம் சீக்கிரம் முடியும், ஆனா அது வெளிநாட்டுக்காரங்களுக்கு திறந்திருக்கான்னு தூதரகத்துல கேட்டுட்டு போங்க.

வெளியேறும் முத்திரை வாங்காம தாண்டாதீங்க, அந்தப் பக்கம் நுழைவு முத்திரையும் கேட்டு வாங்குங்க. கூட்டத்துல தள்ளிவிட்டு அனுப்பிடுவாங்க, அப்புறம் அந்த நாட்டை விட்டுக் கிளம்பும்போது எப்படி உள்ள வந்தீங்கன்னு கேள்வி வரும். முத்திரை போடற ஆளே இல்லைன்னா அந்த இடத்தோட பேரையும் தேதியையும் நேரத்தையும் எழுதி வைங்க. குழந்தையோட ஒரு பெற்றோர் மட்டும் தாண்டறதா இருந்தா பிறப்புச் சான்று காப்பி கையில இருக்கட்டும்.

தாண்டினதும் இலவச வண்டி, இலவச ரூம்னு கைய பிடிச்சு இழுக்கறவங்க வருவாங்க. நிறைய பேர் நல்லவங்கதான், ஆனா தனியா வர்ற பொண்ணுங்க, சின்னப் பசங்க, பதிவு பண்ற மேஜைல இருக்குற அமைப்பு மூலமா மட்டும் போங்க, பாஸ்போர்ட்டை யார் கையிலயும் குடுத்துட்டு நிக்காதீங்க, வண்டி நம்பரை வீட்டுக்கு அனுப்பிட்டு ஏறுங்க.

11. டிக்கெட், இன்சூரன்ஸ்

பல டிராவல் இன்சூரன்ஸ்ல போர் வந்தா காசு கிடையாதுன்னு ஒரு வரி இருக்கும், சிலதுல எதிர்பாராம மாட்டிக்கிட்டா சில நாள் வரைக்கும் உண்டு, அரசாங்கம் போகாதீங்கன்னு சொன்ன பிறகு போயிருந்தா பெரும்பாலும் கிடையாது. கிளம்புறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்த படிங்க. எப்படி இருந்தாலும் எல்லா பில்லையும் போட்டோ எடுத்து வைங்க.

விமான டிக்கெட்ட நீங்களா கேன்சல் பண்ணாதீங்க. அவங்க கேன்சல் பண்ணா காசு திரும்ப வர வாய்ப்பு அதிகம், நீங்க பண்ணா பிடிச்சுக்குவாங்க. சண்டை நடக்குற நாட்டுல கால் வைக்காதவங்களும் மாட்டலாம், 2025 ஜூன் 23 கத்தார் வான்வெளி திடீர்னு மூடினப்ப தோஹால விமானம் மாற வேண்டியவங்க அப்படியே நின்னாங்க. அதனால மாத்திரையும் சார்ஜரும் ஒரு செட் துணியும் கைப்பையிலயே இருக்கட்டும், செக்-இன் பெட்டி உங்க கைக்கு வராது.

12. வெளில வந்த அன்னைக்கு

முதல்ல தூதரகத்துக்கு சொல்லுங்க, நாங்க இத்தனை பேரு வெளிய வந்துட்டோம், எங்க பேர எடுத்துடுங்கன்னு. இதை யாருமே பண்றதில்ல. நீங்க வீட்டுல தூங்கிட்டு இருப்பீங்க, அங்க ஒருத்தர் உங்க நம்பருக்கு அடிச்சிட்டே இருப்பாரு, பஸ்ல உங்களுக்குன்னு ஒரு சீட் காலியா போகும்.

அப்புறம் நீங்க வந்த ரோட்டப் பத்தி எழுதி அனுப்புங்க, எத்தனை மணிக்கு கிளம்பினீங்க, எங்க எங்க செக்போஸ்ட், என்ன கேட்டாங்க, பெட்ரோல் எங்க கிடைச்சுது, பாலம் எதாவது உடைஞ்சிருக்கா. பொது இடத்துல போடாதீங்க, தூதரகத்துக்கும் இன்னும் உள்ள இருக்குற நம்ம ஆளுங்களுக்கும் மட்டும், தேதி நேரத்தோட. நான் ஒம்பதாவது நாள் கிளம்பினதே எனக்கு முந்தின நாள் போன ஒரு குடும்பம் பார்டர் தாண்டி உக்காந்து அனுப்பின பதினோரு வரி மெசேஜ வச்சுத்தான். நாங்க தாண்டினதும் வண்டிய விட்டு இறங்கறதுக்கு முன்னாடி அதே மாதிரி ஒண்ணு எழுதி உள்ள இருந்தவங்களுக்கு அனுப்பிட்டுத்தான் வீட்டுக்கு போன் போட்டேன்.